லேப்டாப் ஆன் ஆகவில்லையா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

பவர் பட்டனை அழுத்தினால் எந்த அசைவும் இல்லையா? விளக்கு எரிந்து ஃபேன் சுற்றியும் திரை மட்டும் கறுப்பாக இருக்கிறதா? இல்லை, லோகோ வரை வந்து நின்றுவிடுகிறதா? மூன்றுக்கும் கோளாறு வேறு வேறு இடத்தில். இதைப் பிரித்துப் பார்க்காமல் நேராக விண்டோஸை மறுபடி நிறுவக் கிளம்புவது வீண் வேலை.

அசைவே இல்லையென்றால் சார்ஜரிலிருந்து தொடங்குங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், சுவர் பிளக்கிலேயே செருகுங்கள். சார்ஜரில் எழுதியிருக்கும் வோல்ட், லேப்டாப்பின் அடியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். வாட் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, குறையக் கூடாது. யூஎஸ்பி-சி லேப்டாப்புகளுக்குப் பெரும்பாலும் 45 அல்லது 65 வாட் தேவை. சாதாரண போன் சார்ஜர் போதாது.

அடுத்து, உள்ளே தங்கிய மின்சாரத்தை வடிக்க வேண்டும். சார்ஜரையும், கழற்ற முடிந்தால் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகி முயலுங்கள். பேட்டரியைக் கழற்றியபின் ஓடினால், பேட்டரி மீது சந்தேகம் வரலாம். டச்பேட் மேலே தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம்; அழுத்தவோ சார்ஜ் செய்யவோ கூடாது. தண்ணீர் கொட்டிய லேப்டாப்பை 'ஆன் ஆகிறதா பார்ப்போம்' என்று அழுத்தவே அழுத்தாதீர்கள். மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகை) கருகுவது பெரும்பாலும் அப்போதுதான்.

ஃபேன் சுற்றியும் திரை கறுப்பா? வெளி மானிட்டரையோ டிவியையோ எச்டிஎம்ஐ-யில் இணையுங்கள். அதில் படம் வந்தால் கோளாறு திரையிலோ அதன் கேபிளிலோ. இருட்டில் திரையின் மேல் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாக ஏதாவது தெரிந்தால் போனது பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் விளக்கு.

வெளியிலும் படம் இல்லையென்றால் முதல் சந்தேகம் ரேம், அதாவது தற்காலிக நினைவகப் பட்டை. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ரேமை எடுத்து, தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் துடைத்து, 'கிளிக்' என்று உட்காரும்வரை செருகுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள். தொடுமுன் ஏதாவது உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். மெலிதான பல மாடல்களில் ரேம் போர்டோடு ஒட்டியே வரும்; அங்கே இந்த வேலை நடக்காது. ரேமை மாற்றியபின் முதல்முறை திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். டிடிஆர்5 ரேம் தன்னைச் சரிபார்த்துக்கொள்ள நேரம் எடுக்கும், பொறுங்கள். பீப் ஒலியோ விளக்குச் சிமிட்டலோ கேட்டால், கண்டால் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பொருள் மாடலுக்கு மாடல் மாறும். சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

லோகோவோடு நின்றால் பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் உருவிவிட்டு, பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) போய் எஸ்எஸ்டி (விண்டோஸும் ஃபைல்களும் இருக்கும் சேமிப்பகம்) பெயர் தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் அது கழன்றிருக்கலாம், செத்திருக்கலாம். தெரிந்தால் விண்டோஸ் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம்: லோகோ வந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் ரிப்பேர் திரை தானே வரும். அதில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்', பலிக்காவிட்டால் 'சேஃப் மோட்' (அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸைத் திறப்பது) முயலுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் 48 இலக்கச் சாவி கேட்கும். பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடைக்கும்.

பழைய ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்று தட்டினால் மட்டும் ரிப்பேர் எதையும் ஓட்டாதீர்கள். அணைத்துவிட்டு, ஃபைல்களைக் காப்பாற்றும் வழியை முதலில் பாருங்கள்.