புகையானா? முதலில் தண்ணீரை வடியுங்கள்

நெல் வயலில் வட்டவட்டமாகப் பயிர் தீய்ந்து நின்றால் அது பெரும்பாலும் புகையான் என்னும் தத்துப்பூச்சியின் வேலை. வட்டம் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். வரப்பில் நின்று பார்த்தால் பூச்சி கண்ணில் படாது. உள்ளே இறங்கி, தூரை ஒருபக்கம் சாய்த்து, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாருங்கள். பழுப்பு நிறத் தத்துப்பூச்சிகள் தண்டோடு ஒட்டிச் சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும். தட்டினால் தண்ணீரில் விழுந்து துள்ளும். இதைத் தின்னும் சிலந்தி தூருக்கு ஒன்று இருந்தால் தண்டுக்கு 2 பூச்சி வரை பொறுத்துக்கொள்ளலாம். சிலந்தி இல்லையென்றால் தண்டுக்கு 1 பூச்சி என்பதே எல்லை.

தேங்கிய நீர், நெருக்கமான நடவு, அளவு மீறிய யூரியா மூன்றும் புகையானுக்கு விருந்து. நீரை வடித்து, மண்ணில் ஈரம் மட்டும் இருக்கும்படி விட்டு, பிறகு பாய்ச்சுங்கள். நடும்போதே 8 அடிக்கு 1 அடி பட்டம் (நடாத இடைவெளி) விட்டால் காற்றும் வெயிலும் அடித்தூர் வரை இறங்கும்; தெளிப்பானோடு நடக்கவும் வழி கிடைக்கும். அந்த ஓரடியை மிச்சம் பிடிப்பது வெறும் கஞ்சத்தனம்.

கடையில் எடுத்துக் கொடுக்கும் மருந்தை அப்படியே வாங்காதீர்கள். செயற்கை பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் சிலந்தியைக் கொன்று புகையானைப் பெருக்கிவிடும். தாக்குதலின் தொடக்கத்தில், நீரை வடித்தபின், லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலோடு கலந்து தெளியுங்கள். இலைமேல் அடித்துப் பயனில்லை; தூரின் அடி நனைய வேண்டும்.