கோட்டைச் சிறையிலிருந்து நீதிமன்றம் வரை: ஜொகன்னஸ்பர்க் கான்ஸ்டிடியூஷன் ஹில்லைப் பார்க்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் ஜொகன்னஸ்பர்க் நகரில், பிராம்ஃபான்டைன் மேட்டில் இருக்கும் பழைய கோட்டைச் சிறை, இன்று கான்ஸ்டிடியூஷன் ஹில் என்ற பெயரில் அரசமைப்பு நீதிமன்றமும் அருங்காட்சியகமும் அடங்கிய வளாகமாக விளங்குகிறது. இந்திய வம்சாவளியினர் மிகுந்து வாழும் லெனேசியாவிலிருந்தோ டர்பனிலிருந்தோ பிள்ளைகளோடு அங்கே போக எண்ணும் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது, சிறையைப் பார்த்த பிறகே நீதிமன்றத்துக்குள் நுழையுங்கள் என்பதுதான். முதல் முறை போனபோது நான் இந்த வரிசையை மாற்றிவிட்டேன். வெளிச்சம் நிறைந்த முன்கூடத்தை ரசித்துக்கொண்டு நின்ற எனக்கு, அங்கே இருக்கும் செங்கல் எங்கிருந்து வந்தது என்பது தெரியவே இல்லை.

அரை நாளாவது ஒதுக்குங்கள். குற்றங்களுக்குப் பேர்போன ஹில்ப்ரோவை ஒட்டிய பகுதி என்பதால் தெருவழியே நடந்து வராமல், வண்டியிலேயே வளாகத்துக்குள் வந்து இறங்குவது நல்லது. சுருக்கச் சுற்று, முழுச் சுற்று என இரண்டு இருந்தால் முழுச் சுற்றையே எடுங்கள். வழிகாட்டி இல்லாமல் பார்த்தால் பல அறைகள் வெறும் சுவர்களாகத்தான் தெரியும். அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலை மாதங்களில் போகிறவர்கள் கம்பளிச் சட்டையை மறக்க வேண்டாம். கல்லும் சிமெண்டுமான அந்த அறைகளில் குளிர் காலடியிலிருந்தே ஏறும்.

கோட்டையில் தொடங்குங்கள். ஏற்கெனவே இருந்த சிறையைச் சுற்றி 1890-களின் பிற்பகுதியில், அன்று இப்பகுதியை ஆண்ட போயர் குடியரசின் தலைவர் பால் க்ரூகரின் அரசு மண் அரண் எழுப்பியது. பிற்காலத்தில் வெள்ளையரை அடைத்த இந்தப் பகுதியின் மருத்துவப் பிரிவில் 1962இல் நெல்சன் மண்டேலா வைக்கப்பட்டிருந்தார். இங்கே கால் மணி நேரம் போதும்.

நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் நம்பர் ஃபோர். கறுப்பினத்தவருக்கென 1904இல் கட்டப்பட்ட இந்தச் சிறைதான், 1983இல் மூடப்படும் வரை இந்த மேட்டின் மிகக் கொடிய பகுதியாக இருந்தது. கூட்டமாக அடைக்கப்பட்ட அறைகள், திறந்தவெளிக் கழிப்பிடங்கள், ஆடை களைந்து சோதனையிட்ட முற்றம், மக்கள் எக்குலுகுத்து என்று அழைத்த தனிமை அறைகள் ஆகியவற்றை அவசரப்படாமல் பாருங்கள். இனவாரியாக உணவளந்த பட்டியலின் முன் பிள்ளைகளை நிறுத்தி, எந்த வரியில் 'ஆசியர்' என்று இருக்கிறது, அவர்களுக்கும் கறுப்பினக் கைதிகளுக்கும் தட்டில் விழுந்தவை எவை என்று அவர்களையே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் எனாமல் தட்டையும் காட்டுங்கள். நிறவெறியைப் பற்றி வீட்டில் பத்து முறை விளக்கியும் புரியாதது என் மகளுக்கு அந்தப் பட்டியலின் முன்தான் புரிந்தது.

நம்மவர்களின் கதையைச் சொல்லவும் இதுவே இடம். இந்தியரும் சீனரும் கைரேகை கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசியர் பதிவுச் சட்டத்துக்குப் பணிய மறுத்து 1908 ஜனவரியில் சிறை புகுந்தவர்களில், காந்தியுடன் தம்பி நாயுடுவும் இருந்தார். மொரீஷியஸில் பிறந்து ஜொகன்னஸ்பர்க்கில் வண்டித் தொழில் நடத்தியவர் அவர். அந்த மாதம் சிறையிலிருந்து டிரான்ஸ்வால் அரசின் அமைச்சர் ஸ்மட்ஸுக்குச் சென்ற சமரசக் கடிதத்தில் காந்தி, சீனர் சங்கத்தின் லியுங் குவின் ஆகியோருடன் தம்பி நாயுடுவும் கையெழுத்திட்டிருந்தார். காந்தியைப் பற்றிய காட்சிப் பகுதியில் நிற்கும்போது இந்தப் பெயரையும் உரக்கச் சொல்லுங்கள்.

அடுத்து பெண்கள் சிறை. செங்கல்லில் அழகாக எழுப்பிய இந்தக் கட்டடத்தில் நிறவெறியை எதிர்த்துப் போராடிய வின்னி மண்டேலா, அல்பர்டினா சிசுலு ஆகியோரும், 1976இல் டர்பனைச் சேர்ந்த ஃபாத்திமா மீரும் அடைபட்டிருந்தனர்.

இப்போது நீதிமன்றத்தை நோக்கி நடக்கலாம். விசாரணைக் கைதிகளுக்காக 1928இல் கட்டிய கட்டடம் இங்கேதான் இருந்தது. நிறவெறி அரசை எதிர்த்ததற்காக 1956இல் தேசத்துரோக வழக்கில் பிடிபட்ட 156 பேரில் பலரை இந்த வளாகத்தில்தான் வைத்திருந்தார்கள். நேட்டால் இந்தியக் காங்கிரஸின் மான்டி நாயக்கர் அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுள் ஒருவர். அந்தக் கட்டடத்தை இடித்தபோது நான்கு படிக்கட்டுக் கோபுரங்களை மட்டும் விட்டுவைத்து, செங்கற்களை நீதிமன்ற அவையின் சுவருக்கும் நம்பர் ஃபோர் ஓரமாக இறங்கும் நீண்ட படிகளுக்கும் எடுத்துக்கொண்டார்கள். படியில் உட்கார்ந்து ஒரு செங்கல்லைத் தொட்டுப் பாருங்கள். முனை உடைந்தும் பழைய சாந்து ஒட்டியும் இருக்கும் சில கற்களை விரலாலேயே அடையாளம் காணலாம்.

நீதிமன்றம் 2004 மார்ச் 21 அன்று திறக்கப்பட்டது. வாயிலில் அன்றைய 11 ஆட்சி மொழிகளில் அதன் பெயர் இருக்கிறது. அதில் தமிழைத் தேட வேண்டாம். ஆனால் மதித்துப் பேண வேண்டிய மொழிகளுள் ஒன்றாக அரசமைப்பின் 6ஆம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பெரிய மரக்கதவில் செதுக்கிய உரிமைகளைப் பிள்ளைகள் கையால் தடவிப் பார்க்கட்டும். அவைக்குள் போனால் தரைமட்டத்தில் ஒரு நீண்ட சன்னல் தெரியும். வெளியே நடப்போரின் கால்கள் அதில் கடந்துபோகும். விசாரணை நடக்கும் நாளில் யாரும் உள்ளே அமர்ந்து கேட்கலாம்.

அங்கே அமர்ந்து சொல்ல ஒரு வழக்கு இருக்கிறது. டர்பன் பள்ளி ஒன்றில் மூக்குத்தி அணிய அனுமதி மறுக்கப்பட்ட ஒரு தமிழ் மாணவியின் வழக்கில், அது நியாயமற்ற பாகுபாடு என்று 2007 அக்டோபர் 5 அன்று இந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டில் ஆயா இருந்தால் அவரையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். மூக்குத்தியின் பொருளை அவர் சொல்லும்போது, தீர்ப்பு எதைக் காத்தது என்பது பேரப்பிள்ளைகளுக்குத் தெளிவாகும்.

பொழுது இருந்தால் வண்டியில் சிறிது தூரத்தில் உள்ள பிராம்ஃபான்டைன் இடுகாட்டுக்கும் போங்கள். சத்தியாக்கிரகச் சிறைவாசத்தால் 1909 ஜூலையில் உயிரிழந்த இளைஞர் நாகப்பன், 1914 பிப்ரவரி 22 அன்று மறைந்த தில்லையாடி வள்ளியம்மை ஆகியோரின் கல்லறைகள் அங்கே உள்ளன. வள்ளியம்மை சிறைப்பட்டது இந்தக் கோட்டையில் அல்ல, நேட்டாலின் மாரிட்ஸ்பர்க்கில். அதைப் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லுங்கள். வாயிலில் கேட்டால் வழி காட்டுவார்கள். பூவை வீட்டிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள்.