கயிற்றை அவிழ்க்காதீர்கள்: சிப்பிப்பாறைக் கலப்புக் குட்டியைத் தத்தெடுப்பவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை சென்னையில் ஒரு தத்தெடுப்பு முகாமில் நின்றிருந்தேன். நீண்ட மூக்கும் ஒட்டிய வயிறுமாக, சிப்பிப்பாறை என்ற நம் நாட்டு வேட்டைநாய் இனத்தின் கலப்பில் பிறந்த ஒரு நாய்க்குட்டி. அதைத் தூக்கிக்கொண்ட இளைஞர், "என் காலையே சுற்றி வருகிறது சார், இதற்குக் கயிறே தேவைப்படாது" என்றார். எட்டு வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். சாக்லேட் கொடுக்காதீர்கள், வெறிநாய்த் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள் என்பதையெல்லாம் கால்நடை மருத்துவரே சொல்லிவிடுவார். அவற்றை விடுகிறேன். இந்தக் குட்டியை எடுப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

அசலா என்று விசாரிப்பது

எந்த நாட்டு இனம், சிப்பிப்பாறையா, கன்னியா, ராஜபாளையமா என்று காப்பகத்துக்காரரைக் குடைகிறார்கள். தாய் தெருவில் கிடைத்தவள். தகப்பன் யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கேட்க வேண்டியது தடுப்பூசி அட்டையை. எந்தத் தேதியில் எந்த ஊசி, அடுத்த தவணை எப்போது என்று பாருங்கள். குட்டிகளின் குடலைத் தாக்கிக் கொல்லக்கூடிய பார்வோ கிருமி உடம்புக்குள் போய் அறிகுறி தெரியச் சில நாட்கள் ஆகும். முகாமில் துள்ளிய குட்டி, வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் சுருண்டு படுக்கலாம். வாந்தியும் ரத்தக் கழிச்சலும் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஏறத்தாழ 16 வாரத்தில் வரும் கடைசித் தவணை முடியும்வரை தெருமண்ணில் இறக்கவும் வேண்டாம். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

விலா எலும்பை எண்ணிச் சோறு போடுவது

இந்த வகை நாய்க்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரியத்தான் செய்யும். "பட்டினி போடுகிறீர்களா?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்பார். கேட்கட்டும்.

இரண்டு வாரத்தில் கயிற்றை அவிழ்ப்பது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

மூன்று மாதக் குட்டி உங்கள் பின்னாலேயே வருவதற்குக் காரணம் பெரும்பாலும் பயம். புது இடம், தெரிந்தது உங்கள் கால் மட்டும்தான், அதனால் ஒட்டிக்கொள்கிறது. அதைப் பாசம் என்றும் கீழ்ப்படிதல் என்றும் எடுத்துக்கொள்கிறோம். ஆறாவது மாதத்தில் பயம் தெளியும், கால் நீளும். அப்போதுதான் அது யார் என்று தெரியவரும். விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் கண்டு துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம் இது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு முயல் வேட்டை குற்றமாகிவிட்டது. அந்தச் சேதி நாயின் கண்ணுக்குப் போய்ச் சேரவில்லை. ஓடும் ஒன்றின் மேல் பார்வை விழுந்துவிட்டால், நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது.

என் செவலைக்கு அப்போது ஏழு மாதம். தாம்பரத்தை அடுத்த ஒரு ஏரிக்கரையில் மூன்று மாதமாகத் தினமும் காலையில் அவிழ்த்து விட்டிருந்தேன். ஒரு நாள்கூடத் தவறு நடக்கவில்லை. அந்தத் தைரியம்தான் என்னைக் கெடுத்தது. கரையின் குறுக்கே ஒரு கீரி ஓடியது. அவ்வளவுதான். நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். அது அடுத்த மடத்தனம். நாம் துரத்தினால் அதற்கு அதுவும் விளையாட்டு, இன்னும் வேகமாகப் போகும். கரை முடிகிற இடத்தில் சாலை. ஒரு பைக். பின்னங்கால் தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. தகடு வைத்துப் பொருத்த ரூ.40,000க்கு மேல் ஆனது. எட்டு வாரம் ஒரு கட்டில் அகல இடத்தில் அவளை அடைத்து வைத்தேன். ஓடப் பிறந்த நாயை அப்படிப் பார்ப்பது பணத்தைவிட வலித்தது. பைக்கில் வந்த பையனுக்கு முழங்கை சிராய்த்ததோடு போனது என் அதிர்ஷ்டம். இன்றும் அந்தக் காலை மடக்காமல் நீட்டித்தான் உட்காருகிறாள்.

இப்போது நான் செய்வது இதுதான். பத்து மீட்டர் பருத்திக் கயிறு, அதை மாட்ட மார்புப் பட்டை. வெறும் கழுத்துப்பட்டை போதாது. இதன் தலை கழுத்தைவிடப் பெரிதில்லை; பின்னால் இழுத்தால் பட்டை காதைத் தாண்டிக் கழன்றுவிடும். கயிற்றின் மறுமுனையில் நின்று கூப்பிடுங்கள், வந்ததும் ஒரு துண்டு ஈரல் கொடுங்கள், உடனே மறுபடி விளையாட விடுங்கள். குளிப்பாட்டவும் வீட்டுக்குக் கிளம்பவும் மட்டுமே கூப்பிட்டால் வருவது நஷ்டம் என்று அது கணக்குப் போட்டுக்கொள்ளும். தப்பி ஓடித் திரும்பி வந்த நாயை அடிக்கவே கூடாது. ஓடியதற்காக அல்ல, வந்ததற்காக அடி விழுந்தது என்றுதான் அதற்குப் புரியும். கயிறு கைவிட்டுப் போனால் எதிர்த்திசையில் ஓடுங்கள், இல்லை தரையில் உட்கார்ந்துவிடுங்கள். பல நேரம் என்னவென்று பார்க்க அதுவே வரும். ஆனால் கீரி கண்ணில் படாத வரைக்கும்தான்.

கையைக் கடிக்கக் கொடுத்து விளையாடுவது

கூடாது. பழைய துணியை முறுக்கிக் கொடுங்கள்.

வண்டியோடு ஓட விடுவது

ஒரு வயதுக்கு முன் வேண்டவே வேண்டாம். எலும்பின் முனைகள் இன்னும் வளர்ந்து முடிந்திருக்காது.

மொட்டை மாடி

கைப்பிடிச் சுவர் உங்கள் இடுப்பு உயரம்தானா? அதற்கு அது ஒரே தாவல். எதிர் மாடியில் ஓர் அணில் போதும்.