மாடித்தோட்டம் வைத்தேன், தூக்கம் வந்தது

அம்மா இறந்துபோன பிறகு விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழிப்பு வந்துவிடும். அப்புறம் மனசு ஒரே நினைப்பையே சுற்றும். மருத்துவர் தந்த மாத்திரையோடு, ஆடிப்பட்டத்தில் மொட்டைமாடியில் சில க்ரோ பேக்குகளும் (செடி வளர்க்கும் பைகள்) வைத்தேன். செம்மண், கோகோ பீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம் சம அளவு. முதலில் சிறுகீரை, 25 நாளில் பறித்துவிடலாம், சோர்ந்த மனசுக்கு அதுதான் சரி.

கத்தரியில் மாவுப்பூச்சி வந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து, ஒவ்வொரு இலையாகத் திருப்பி அடிப்பக்கம் தெளித்தேன். அந்த நேரத்தில் வேறு நினைப்பு நுழைய இடமே இல்லை. தினமும் காலை வெளிச்சம் பட்டதில் உடல் கடிகாரமும் சீரானது. தூக்கம் மெல்ல நீண்டது.

மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.