‘பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம்? ஆட்டிசம் உள்ள ஊழியருக்கு வேலை கொடுக்கும் முறை

“நேரம் கிடைச்சா அந்த பில்லையெல்லாம் கொஞ்சம் பாத்துடுங்க.” நம் அலுவலகங்களில் இதற்கு அர்த்தம், சாயங்காலத்துக்குள் முடித்துக் கொடு என்பதுதான். ஆட்டிசம் உள்ள ஒருவர் இதைச் சொன்னது சொன்னபடியே எடுத்துக்கொள்ளக்கூடும். நேரம் கிடைக்கவில்லை, அதனால் பார்க்கவில்லை. ஆறு மணிக்கு டீம் லீடர் கோபப்படும்போது எதற்காக என்று அவருக்கு விளங்குவதில்லை. டீம் லீடருக்கோ, இவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று தோன்றுகிறது.

தமிழ் அலுவலகப் பேச்சில் பாதி விஷயம் சொல்லாமல்தான் சொல்லப்படுகிறது. ‘பார்க்கலாம்’ என்றால் பெரும்பாலும் முடியாது. ‘உங்க இஷ்டம்’ என்றால் எனக்கு இஷ்டமில்லை. இந்தச் சங்கேதத்தை எல்லாரும் தானாகப் படித்துவிடுவார்கள் என்ற நினைப்பில்தான் பெரும்பாலான சிக்கல் தொடங்குகிறது. அதைச் சரிசெய்யப் பணமோ கருவியோ வேண்டாம். வேலை கொடுப்பவர் தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டால் போதும்.

வேலையை எழுதிக் கொடுப்பது

வாயால் சொல்லுங்கள், தவறில்லை. ஆனால் அடுத்த பத்து நிமிடத்துக்குள் அதையே சாட்டிலோ மெயிலிலோ எழுதி அனுப்புங்கள். அதில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும்: என்ன வேலை, எவ்வளவு, எது வரை செய்தால் போதும், எத்தனை மணிக்குள், சிக்கினால் யாரிடம் கேட்பது. மேலே சொன்ன பில் வேலையை இப்படி எழுதலாம்:

“ஜூலை கொள்முதல் ஃபோல்டரில் 60 பில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஜி.எஸ்.டி. எண்ணும் மொத்தத் தொகையும் எக்செல் ஷீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாத வரிக்கு மஞ்சள் நிறம் கொடுங்கள், நீங்களே திருத்த வேண்டாம். இன்று 4 மணிக்குள் வேண்டும். முடியாது போலிருந்தால் 3 மணிக்கே எத்தனை மீதி என்று எனக்கு எழுதுங்கள்.”

‘நீங்களே திருத்த வேண்டாம்’ என்பதைத்தான் பலரும் எழுத மறக்கிறார்கள். எல்லை சொல்லாவிட்டால், தவறான பில் ஒன்றின் மூலத்தைத் தேடி மூன்று வருடக் கணக்கைக் கிளறிக்கொண்டு அவர் ராத்திரி வரை உட்கார்ந்திருக்கலாம். வேலை அருமையாக இருக்கும், ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல. ‘முதல் வரைவு போதும், எழுத்துப்பிழை பிறகு பார்ப்போம்’ என்பது போன்ற ஒரு வரி பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

சொல்லி முடித்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். யாரைக் கேட்டாலும் “புரிஞ்சுது” என்றுதான் பதில் வரும். “முதல்ல எதை எடுப்பீங்க?” என்று கேளுங்கள். புரியாதது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

இந்த முறை தோற்பதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, நாலு பேர் நாலு வேலை கொடுத்து நாலையும் அவசரம் என்பது. வேலை ஒருவர் வழியாகத்தான் வர வேண்டும், மற்றவர்கள் அவரிடம் கேட்கட்டும். மற்றொன்று, குழந்தைக்குச் சொல்வது போல நீட்டி முழக்குவது. தெளிவு வேறு, விளக்கவுரை வேறு. ஐந்து வரிக்கு மேல் போனால் அது இரண்டு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறை சொல்லும்போதும் இதே கதைதான். “இன்னும் கொஞ்சம் பொறுப்பா இருக்கணும்” என்பதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் மாற்ற முடியாது. “செவ்வாய்க்கிழமை அனுப்பிய ரிப்போர்ட்டில் 14-ம் வரிக்குப் பிறகு தேதி தலைகீழாக இருக்கிறது, நாள்-மாதம்-வருடம் என்று மாற்றுங்கள்” என்றால் மாற்றலாம். தனியாகக் கூப்பிட்டு, நடந்த அன்றே சொல்லுங்கள். எதற்கென்று சொல்லாமல் “நாளைக்கு என்னை வந்து பாருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அவருக்கு அன்றைய தூக்கம் போயிற்று.

நேர்முகத் தேர்வு

“உங்களைப் பத்திச் சொல்லுங்க” என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று அதில் எதுவும் இல்லை. கேள்விகளை இரண்டு நாள் முன்பே அனுப்பலாம். இன்னும் நல்லது, பேச்சைச் சுருக்கி ஒரு மணி நேரம் நிஜ வேலை ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பது. கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா என்பதை மதிப்பெண் தாளிலிருந்து அடித்துவிடுங்கள். கண்ணைப் பார்த்தபடி யோசிப்பது பலருக்குச் சிரமம். டேட்டா சரிபார்க்க அது தேவையுமில்லை.

இருக்கை, வெளிச்சம், சத்தம்

நடைபாதை ஓரத்திலும், பிரிண்டர், பான்ட்ரி, பயோமெட்ரிக் கதவு ஆகியவற்றின் பக்கத்திலும் உட்கார வைக்காதீர்கள். முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் நல்லது. பழைய சோக் உள்ள ட்யூப்லைட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு 100 முறை மினுக்குகிறது. நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாத இது சிலருக்குத் தலைவலியாக முடியும். மலிவான எல்.இ.டி.யிலும் இந்தக் குறை உண்டு. அவர் தலைக்கு மேலே உள்ள ஒரு விளக்கை மட்டும் அணைத்து மேசை விளக்கு வைத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் வித்தியாசம் இருக்கிறதா என்று அவரையே கேளுங்கள். ஒருவருக்குச் சத்தம் தொல்லை, இன்னொருவருக்கு ரூம் ஃப்ரெஷ்னர் வாசனை, வேறொருவருக்கு ஏ.சி. காற்று. ஊகித்து எல்லாவற்றையும் மாற்றினால் செலவுதான் மிஞ்சும்.

ஹெட்ஃபோன் போட்டிருந்தால் மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். தோளைத் தட்டிக் கூப்பிடாமல் சாட்டில் ஒரு வரி போடுங்கள். ஆயுதபூஜைக்குச் சாம்பிராணி, பிறந்தநாளுக்கு முகத்தில் கேக் என்பதெல்லாம் நமக்குக் கொண்டாட்டம். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று முதல் நாளே சொல்லிவிட்டு, வராமல் இருந்தாலும் பரவாயில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு வரவில்லை என்று கேலி செய்யக்கூடாது. மதியச் சாப்பாட்டுக்கும் அப்படியே. டப்பாவைப் பகிராமல் தனியாகச் சாப்பிடுபவர் யாரையும் ஒதுக்கவில்லை, அடுத்த நாலு மணி நேரத்துக்குத் தெம்பு சேர்க்கிறார். நெரிசல் நேர ரயிலிலேயே பாதித் தெம்பு போய்விடுகிறதென்றால், ஷிஃப்டை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பது நல்ல தீர்வு.

திடீரென்று உடைந்துபோனால்

சத்தமும் மாற்றமும் சேர்ந்து தாங்க முடியாமல் போகும்போது சிலர் அழுவார்கள், கத்துவார்கள். சிலர் பேச்சே வராமல் உறைந்துபோவார்கள். பணிவின்மை என்று நினைத்து மெமோ எழுதுவது பெரும் தவறு. கூட்டத்தை விலக்குங்கள், தொடாதீர்கள், “என்னாச்சு, என்னாச்சு” என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். ஒரே ஆள், தாழ்ந்த குரலில், ஒரே வாக்கியம்: “மீட்டிங் ரூம் காலியா இருக்கு, அங்க போகலாம்.” தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு வெளியே இருங்கள். என்ன நடந்தது என்ற பேச்சு அன்றே வேண்டாம், மறுநாள் எழுத்தில் கேட்கலாம். அந்த அறை எது, யார் கூட வருவது என்பதை இப்படி நடப்பதற்கு முன்பே அவரோடு பேசி முடிவு செய்திருக்க வேண்டும்.

அப்பா அம்மா, சட்டம், ரகசியம்

முப்பது வயது ஊழியரைப் பற்றி அவருடைய அம்மாவுக்குப் போன் செய்யும் எச்.ஆர். இங்கே உண்டு. கூடாது. லீவானாலும் சம்பளமானாலும் அவரிடமே பேசுங்கள். வீட்டாரிடம் பேச வேண்டுமென்றால் அவர் சம்மதத்தோடு. மற்றவர்களை ‘நீங்க’ என்கிற இடத்தில் இவரை மட்டும் ‘வாப்பா, போப்பா’ என்று அழைப்பதும் அப்படித்தான். ஆட்டிசம் இருப்பதைக் குழுவுக்குச் சொல்வதா வேண்டாமா என்பது முழுக்க அவர் முடிவு.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் நிறுவனம், எந்தப் பணிகள் பொருந்தும், எப்படித் தேர்வு செய்கிறோம், என்னென்ன வசதி தருகிறோம், தொடர்பு அலுவலர் யார் என்றெல்லாம் சொல்லும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். அரசுப் பணிகளில் 4 சதவீத ஒதுக்கீட்டுக்குள் ஆட்டிசம் உள்ளவர்களும் வருகிறார்கள். அதற்குச் சான்று வேண்டும். ஆனால் ஒரு விளக்கை அணைப்பதற்கு யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டை) கேட்கும் அலுவலகம், சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காரியத்தைக் கோட்டை விடுகிறது.

டீம் லீடர் மாறும்போது

இத்தனையும் பெரும்பாலும் ஒரு நல்ல டீம் லீடரின் தலைக்குள்தான் இருக்கும். அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் மறுபடியும் “கொஞ்சம் பாத்துடுங்க”விலிருந்து தொடங்குவார். அதனால் சேர்ந்த மூன்றாம் மாதத்தில் ஊழியரும் டீம் லீடரும் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதுங்கள்: வேலை எப்படி வர வேண்டும், எது தொல்லை, எது உதவுகிறது, உடைந்துபோனால் என்ன செய்வது. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். அந்தத் தாள் எச்.ஆர். ஃபைலில் இருக்க வேண்டாம், ஊழியரின் கையில் இருக்கட்டும். புதிய டீம் லீடர் வருவதை ஊழியரிடம் இரண்டு வாரம் முன்பே சொல்லி, முதல் சந்திப்பில் பழைய டீம் லீடரும் உடன் இருக்க, அந்தத் தாளை ஊழியரே கொடுக்கட்டும்.