'நான்-டெய்ரி' சீஸில் பால் இருக்கிறதா? லேபிளைப் படிக்கும் முறை

முதலில், நீங்கள் தவிர்க்க வேண்டியது பாலின் சர்க்கரையா, புரதமா என்று தெரிந்திருக்க வேண்டும். பால் குடித்தால் வயிறு உப்புசம், வாயு, பேதி என்றால் பெரும்பாலும் லாக்டோஸ் என்ற சர்க்கரைதான் காரணம். அதைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குடலில் போதவில்லை. உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு வந்தால் கேசீன், வே போன்ற பால் புரதங்களுக்கான ஒவ்வாமையாக இருக்கலாம், மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். லாக்டோஸ் சேராதவர் கொஞ்சம் சாப்பிட்டுப் பார்க்கலாம். ஒவ்வாமைக்காரருக்கு அந்தக் கொஞ்சமே உயிருக்கு ஆபத்தாகலாம்.

'லாக்டோஸ் ஃப்ரீ' சீஸ் அசல் பால் சீஸ்தான். பாலில் லாக்டேஸைக் கலந்து, லாக்டோஸை குளுக்கோஸ், காலக்டோஸ் என்று உடைத்துவிடுகிறார்கள். புரதம் அப்படியே இருக்கும். எனவே பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் காலக்டோசீமியா (காலக்டோஸை உடம்பு பயன்படுத்த முடியாத பிறவிக் கோளாறு) உள்ள குழந்தைகளுக்கும் இது ஆகாது.

லாக்டோஸ்தான் பிரச்சினை என்றால் பல சமயம் இதற்குக் கூடுதல் காசு கொடுக்கவே தேவையில்லை. பாலில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 5 கிராம் லாக்டோஸ் உண்டு. சீஸ் செய்யும்போது அதில் பெரும்பகுதி வடியும் நீரோடு போய்விடும். மிஞ்சியதை நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலமாக்கிவிடும். மாதக்கணக்கில் முதிர்ந்த செடார், பார்மசான் போன்றவற்றில் லாக்டோஸ் கிட்டத்தட்ட இல்லை. ப்ராசஸ்டு ஸ்லைஸும் ஸ்ப்ரெட்டும் வேறு கதை. அவற்றில் பால் பவுடரும் வே பவுடரும் சேர்ப்பதுண்டு. வே பவுடர் என்பது சீஸ் செய்யும்போது வடியும் அந்த நீரைக் காயவைத்தது, அதில் சுமார் 70 சதவீதம் லாக்டோஸ். செடார் ஒத்துக்கொண்டவருக்கு ஸ்லைஸ் ஒத்துக்கொள்ளாமல் போவது இதனால்தான்.

அதிகம் ஏமாற்றும் சொல் 'நான்-டெய்ரி', அதாவது 'பால் பொருள் அல்லாதது'. சூடான சீஸ் நூல்நூலாக இழுபடுவது கேசீனால். தேங்காய் எண்ணெயும் ஸ்டார்ச்சும் மட்டும் சேர்த்தால் உருகும், அப்படி இழுபடாது. அதனால் சில சோயா, தாவர எண்ணெய் சீஸ்களில் சோடியம் கேசினேட், கால்சியம் கேசினேட், ரெனட் கேசீன் ஆகியவற்றைச் சேர்க்கிறார்கள். இவற்றில் லாக்டோஸ் மிகக் குறைவு, ஆனால் முழுக்கப் பால் புரதம். அமெரிக்காவில் 'நான்-டெய்ரி' என்று போட்ட பொருளிலும் கேசினேட் இருக்கலாம். அது பாலிலிருந்து வந்தது என்று பக்கத்திலேயே குறிப்பிட வேண்டும் என்பதுதான் விதி. ஆக, பாக்கெட்டின் முன்பக்கத்தை நம்பாமல் சேர்மானப் பட்டியலுக்குப் போங்கள்.

அங்கே கேசீன், கேசினேட், வே, லாக்டால்புமின், மில்க் சாலிட்ஸ், பட்டர்மில்க், பட்டர் ஃபேட், நெய் எதைக் கண்டாலும் அதில் பால் இருக்கிறது. லாக்டிக் அமிலமும் கால்சியம் லாக்டேட்டும் பெயரால் மட்டுமே பயமுறுத்துபவை. பொதுவாகச் சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையைப் புளிக்கவைத்து எடுப்பவை. கோகோ பட்டருக்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை. 'அனிமல் ஃப்ரீ' வே என்றால் கவனம்: நுண்ணுயிர் தயாரித்தாலும் அது அதே பால் புரதம், ஒவ்வாமையும் அதேதான்.

இந்தியப் பாக்கெட்டில் பச்சைப் புள்ளியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது சைவக் குறி, பாலை அனுமதிக்கும். பால் உட்பட விலங்குப் பொருள் எதுவும் சேராததற்கான வீகன் குறி தனி: இலையோடு கூடிய 'வி'. அதுவும் ஒவ்வாமைக்கான உத்தரவாதம் ஆகாது, ஏனென்றால் பால் ஓடும் அதே இயந்திரத்தில் தயாராகியிருக்கலாம். ஒவ்வாமைக்காரர் பட்டியலுக்குக் கீழே உள்ள ஒவ்வாமை வரியையும் படித்து, 'பால் இருக்கக்கூடும்' என்றிருந்தால் வாங்காமல் விட வேண்டும். கடையில் வெட்டித் தரும் சீஸையும் தவிர்க்கலாம். எல்லாச் சீஸுக்கும் பெரும்பாலும் ஒரே கத்தி.