'சிட்டிசன் கேன்' நாயகனைப் புரிந்துகொள்வது எப்படி? புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்முறை

1941இல் ஆர்சன் வெல்ஸ் இயக்கி நடித்த கறுப்பு வெள்ளைப் படம் 'சிட்டிசன் கேன்'. முதல்முறை பார்க்கிறவர்கள் பலருக்கும் எழும் கேள்வி, இந்தக் கேன் நல்லவனா, கெட்டவனா? அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அவனுக்கு என்ன வேண்டும், அதை எந்த நிபந்தனையோடு கேட்கிறான் என்று பாருங்கள். ஆள் பிடிபட ஆரம்பிப்பான்.

படி 1: ஒரு தடவை சும்மா பாருங்கள்

இரண்டு மணி நேரம்தான், குறிப்பு எதுவும் எடுக்க வேண்டாம். பெரும் பத்திரிகை முதலாளி சார்லஸ் ஃபாஸ்டர் கேன் 'ரோஸ்பட்' என்று சொல்லிவிட்டு இறந்துபோகிறான். அதன் பொருளைத் தேடி, தாம்ப்சன் என்ற நிருபர் அவனை அறிந்தவர்களிடம் போகிறார். அந்தச் சொல்லின் விடையை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரிந்துவிட்டால் கேனும் புரிந்துவிடுவான் என்று நினைக்கவும் வேண்டாம்.

படி 2: யார் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்

இரண்டாம் முறை பார்க்கும்போது நோட்டும் பேனாவும் வேண்டும். கேனின் வாழ்க்கையை ஐந்து பேர் வழியாகத் தெரிந்துகொள்கிறோம். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, கேனிடமிருந்து அவருக்குக் கிடைத்தது என்ன, பறிபோனது என்ன என்று எழுதுங்கள். அவனை வளர்த்த வங்கிக்காரர் தாட்சருக்கு அவன்மீது எரிச்சல். அதுவும் அவர் எழுதிவைத்த நினைவுக் குறிப்பாகத்தான் வருகிறது. கேனின் பத்திரிகை மேலாளர் பெர்ன்ஸ்டீனுக்கு முதலாளிமேல் பாசம், அதனால் அவர் சொல்லும் பகுதி கலகலப்பாக ஓடுகிறது. நண்பன் லேலண்டும் இரண்டாம் மனைவி சூசனும் காயப்பட்டவர்கள். வேலைக்காரர் ரேமண்டோ வாயைத் திறக்கவே 1000 டாலர் கேட்கிறார். இதில் யார் சொல்வது உண்மை என்று தீர்ப்பு எழுத வேண்டாம். காயப்பட்டவன் சொல்வதிலும் உண்மை இருக்கும்.

படி 3: பனி பெய்யும் காட்சியில் நிறுத்துங்கள்

என்னைக் கேட்டால் படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கொலராடோவில் கேனின் அம்மா ஒரு தங்கும் விடுதி நடத்துகிறாள். வாடகை பாக்கி வைத்த ஒருவர் கொடுத்துவிட்டுப் போன சுரங்கப் பத்திரத்தால் பெரும் சொத்து வந்து சேர்கிறது. பையனை தாட்சரின் பொறுப்பில் விட அவள் கையெழுத்துப் போடுகிறாள். ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் முன்னால் இருக்கும் மேசையையும், பின்னால் ஜன்னலுக்கு வெளியே பனியில் விளையாடும் சிறுவனையும் ஒரே ஷாட்டில் துல்லியமாகக் காட்டுகிறார். அவன் தலையெழுத்து உள்ளே முடிவாகிக்கொண்டிருக்கிறது, அவனோ வெளியே கூச்சல் போட்டு விளையாடுகிறான். அப்பா ஜன்னலை மூடுகிறார், அம்மா போய்த் திறக்கிறாள். பெட்டியை ஒரு வாரம் முன்பே கட்டி வைத்துவிட்டதாகச் சொல்லும்போது அவள் முகத்தைப் பாருங்கள். கல்நெஞ்சக்காரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பாவின் அடிக்கு எட்டாத இடத்தில் பிள்ளை வளரட்டும் என்று நினைக்கிறவள் அவள். ஆனால் இதெல்லாம் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

படி 4: காலை உணவு மேசை

முதல் மனைவி எமிலியோடு கேன் சாப்பிடும் காட்சிகள் இரண்டே நிமிடங்களில் பல வருடங்களைக் கடக்கின்றன. கடைசியில் அவள் கையில் இருப்பது போட்டிப் பத்திரிகை. அதைக் கவனித்தால் போதும், மேலே போகலாம்.

படி 5: சூசன் கிளம்பும் காட்சியை வரி வரியாகக் கேளுங்கள்

சூசனை முதலில் சந்திக்கும் இரவில், இறந்துபோன தன் அம்மாவின் பொருட்கள் இருக்கும் கிடங்குக்குப் போய்க்கொண்டிருந்ததாகக் கேன் சொல்கிறான். சாகும்போது கேனின் கையில் இருந்த, உள்ளே பனி பெய்யும் கண்ணாடி உருண்டை அன்றைக்கே அவள் அறையில் இருக்கிறது. பல வருடங்கள் கழித்து அவள் பெட்டியோடு கிளம்பும்போது, போகாதே என்று கெஞ்சுகிறான். அவள் தயங்குகிறாள். அப்புறம், "எனக்கு நீ இப்படிச் செய்யக்கூடாது" என்கிறான். அந்த 'எனக்கு' விழுந்ததும் அவள் முகம் இறுகிவிடுகிறது. அன்பு கேட்கும்போதும் அவன் தன் கணக்கில்தான் கேட்கிறான்.

படி 6: உங்கள் முடிவுக்கு ஒத்துவராத காட்சியைத் தேடுங்கள்

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 'கேன் வெறும் சுயநலக்காரன்' என்று எழுதிவிட்டீர்களா? சரி, சூசனின் ஓபரா அரங்கேற்றத்துக்கு லேலண்ட் எழுதும் விமர்சனத்துக்கு வாருங்கள். காட்டமாக ஆரம்பித்தவன் பாதியிலேயே குடிபோதையில் தட்டச்சு இயந்திரத்தின்மேல் சாய்ந்துவிடுகிறான். மீதியைக் கேனே உட்கார்ந்து அதே காட்டத்தோடு எழுதி முடிக்கிறான். சொந்த மனைவியின் பாட்டைப் பற்றி, சொந்தப் பத்திரிகையில்! கையோடு நண்பனை வேலையை விட்டும் தூக்குகிறான். லேலண்ட் பிறகு, கேன் அனுப்பிய 25,000 டாலர் காசோலையைக் கிழித்து, அதோடு, செய்திகளை நேர்மையாகத் தருவேன் என்று கேன் இளமையில் வாசகர்களுக்குத் தன் கையால் எழுதிய கொள்கை அறிக்கையையும் திருப்பி அனுப்புகிறான். அந்த அறிக்கையைப் படித்துக் காட்டிய நாளில் கேனின் முகம் நிழலில் மறைந்திருந்தது நினைவிருக்கும்.

அந்த விமர்சனத்தை எழுதி முடித்தது நேர்மையா, வீம்பா? இரண்டும்தான் என்பது என் கருத்து. அறிக்கை எழுதிய அதே ஆள்தான் நான் என்று நண்பனிடம் நிரூபிக்கவும் வேண்டும், எதிர்த்தவனைத் தண்டிக்கவும் வேண்டும்.